முப்பத்தைந்து நாள் அடை

மணித்தாறா வளர்க்கக் குளம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். குடிக்கவும் தலையை முக்கவும் ஒரு கல்தொட்டி இருந்தால் போதும். முகத்தில் சிவந்த தடிப்புள்ள அந்தப் பெரிய வாத்து, வயலில் மேய்கிற தாறாவைப்போலக் கூட்டமாகக் கத்திக்கொண்டு திரியாது. அதற்குக் குரலே இல்லை என்று சொல்லிவிடலாம். பெட்டையான பிடை மெதுவாக முனகும். ஆணான பூவன் கோபம் வந்தால் துருத்தி ஊதுவதுபோலச் சீறும். அவ்வளவுதான். என் மனைவி காலமாவதற்கு முந்தின வருடம் ஒரு ஜோடி வாங்கினாள். இன்று என் விளையில் நாற்பதுக்கு மேல் நிற்கின்றன. நாளை நீங்கள் அங்கே வரும்போது பார்ப்பீர்கள், இன்ஸ்பெக்டர்.

என் பெயர் எலியா. பாறசாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே நான்கு ஏக்கர் விளை, அதன் நடுவில் வீடு. இருபத்திரண்டு வருடம் எங்கள் சபையில் டீக்கனாக இருந்தேன். என்னை யாரும் இங்கே கூட்டிக்கொண்டு வரவில்லை. நானே நடந்து வந்தேன். நாற்காலி வேண்டாம், நின்றே சொல்கிறேன்.

நான் வந்ததற்குக் காரணம் கிருஷ்ணன்குட்டி. சந்தை முக்கில் சாயாக்கடை வைத்திருக்கிறானே, அவன்தான். போன மாதம் கடைக்கு முன்னால் நான் நடந்துபோகும்போது பத்துப் பேர் கேட்க அவன் சொன்னான்: "டீக்கனாரே, உம்ம மகன் கொழும்பிலே சுகமா இருக்கான் கேட்டீரா. எனக்க மச்சான் கண்ணாலே கண்டிருக்கான். ஸ்டேஷனிலே மாப்பு எழுதிக் குடுத்துட்டுக் கப்பல் ஏறினானாக்கும். நீரு இங்கே தியாகி, தியாகின்னு நெஞ்சை நிமித்திட்டு நடக்கீரு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் மூன்று பேர் எல்லைப் போராட்டத்தில் என் வீட்டில் சோறு தின்றவர்கள்.

என் மகன் ராஜதாஸ் மன்னிப்புக் கேட்டு மாப்பு எழுதிக் கொடுக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தைப் பதிவு செய்யத்தான் வந்தேன். மற்றவை எல்லாம் இதற்கு ஆதாரம்.

ஐம்பத்துநாலு ஆகஸ்டில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது ராஜதாஸ் கூட்டத்தில் இருந்தான். நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று அவனை அனுப்பியதே நான்தான். அவன் மனைவி தங்கபாய் அப்போது கோட்டுகாலில் தாய்வீட்டில் இருந்தாள். அவன் காலில் குண்டு பட்டதைச் சிலர் பார்த்திருந்தார்கள்; அதற்குப் பிறகு மூன்று நாள் அவனைப் பற்றித் தகவல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை முழுவதும் என்னைச் சுற்றி நின்றது. பிடிபட்டவர்களில் சிலர் 'தெரியாமல் போனோம், இனிப் போகமாட்டோம்' என்று எழுதிக் கொடுத்து வெளியே வந்துவிட்டதாக அன்று பேச்சு. நான் பலிபீடத்துக்கு முன்னால் நின்று சொன்னேன்: "என் மகன் செத்தாலும் சாவான், மாப்பு எழுத மாட்டான்." பெண்கள் அழுதார்கள். போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாழ்ந்ததில் மிகவும் நிறைவான நாள் அது.

அன்று மத்தியானம், நல்ல மழையில், மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் ஊர்ந்து ராஜதாஸ் வந்தான். இடது முழங்காலுக்குக் கீழே குண்டு துளைத்திருந்தது.

பழைய தொழுவத்தைத் தாறாக்கூடாக மாற்றியிருந்தேன். மண்சுவர், ஒரே கதவு. அதன் பின்பாதியில் ஓலைத்தட்டி வைத்து மறைத்து அவனைப் படுக்கவைத்தேன். முன்பாதியில் நான்கு கூடைகளில் வைக்கோல் போட்டு, நான்கு பிடைகளை அடைவைத்தேன். வயல் தாறா அடையிருக்காது, முட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடும். மணித்தாறா அப்படியல்ல. முப்பத்தைந்து நாள் அசையாமல் இருக்கும். அந்த நாட்களில் வேற்றாள் கதவைத் திறந்தால் பயந்து முட்டையை விட்டு இறங்கிவிடும், முட்டை கூமுட்டையாகும். அதனால் எங்கள் பக்கத்தில் அடைவைத்த கூட்டை வளர்த்தவனைத் தவிர வேறு யாரும் திறக்கமாட்டார்கள். சொந்த வீட்டுப் பெண்கள்கூடத் தீனியை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள்.

போலீஸ் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை வந்த ஏட்டு மலையாளி, நல்ல மனிதர். கூட்டின் வாசல் வரைக்கும் வந்துவிட்டார். அடைவைத்திருக்கிறேன் என்றேன். "அடை உண்டா? எங்கில் திறக்கண்டா" என்று கான்ஸ்டபிளைத் தடுத்து, எத்தனை முட்டை என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அவர் வீட்டிலும் தாறா உண்டாம். இரண்டாம் தடவை வந்தவர்களும் அதே பதிலைக் கேட்டு வாசலோடு திரும்பினார்கள்.

ஐந்தாம் நாள் தங்கபாய் திரும்பி வந்தாள். அவளிடம் சொல்லவில்லை. அவள் இருபது வயதுப் பெண். போலீஸ் மிரட்டினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இதில் தவறு இருப்பதாக நீங்களும் சொல்லமாட்டீர்கள். அவள் தினமும் தவிட்டையும் அவித்த மரச்சீனியையும் பிசைந்து கொண்டுவந்து, வெளியே மேய்கிற தாறாக்களை "தா தா தா" என்று கூப்பிட்டுப் போடுவாள். அடைத்தாறாவின் பங்கை வாசலில் வைப்பாள். ராஜதாஸுக்கு நான் கஞ்சி கொண்டுபோவேன். புண்ணை மஞ்சள்வெந்நீரில் கழுவினேன், வேப்பிலை அரைத்துக் கட்டினேன். ஒரு தகப்பன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன்.

ஒன்பதாம் நாள் அவன் என்னிடம் சொன்னான்: "அப்பா, காலு நாறுது. தாறா நாத்தம் இல்லை இது. நான் ஸ்டேஷனுக்குப் போறேன். எழுதிக் குடுத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவினும்."

"என்னத்தை எழுதிக் குடுப்பே?"

"எல்லாரும் எழுதினதுதான். ரெண்டு வரி ஆக்கும்."

"எலே, நான் சபையிலே நின்னு பேசியிருக்கேன்."

"பேசினது நீங்க. காலு எனக்கதாக்கும்."

இன்ஸ்பெக்டர், நீங்களும் பிள்ளைகளைப் பெற்றவராக இருப்பீர்கள். என் தகப்பனார் மேல்சட்டை போட அனுமதியில்லாத வீட்டில் பிறந்து, வேதத்தைப் படித்து, பள்ளிக்கூட வாத்தியாராகத் தலைநிமிர்ந்து செத்தவர். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் மன்னிப்பு எழுதிக் கொடுத்ததில்லை. எழுதக் கற்றுக்கொண்டதே அதற்காக அல்ல. அந்தப் பையன் வைக்கோலில் படுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதாகச் சாதாரணமாகச் சொன்னான். கோபம் எனக்கு வரவில்லை. ஒரு பெரிய ஏமாற்றம்தான் வந்தது. வெளியே வந்து கதவில் நாதாங்கி அடித்தேன். அதுவரை அந்தக் கதவுக்குக் கயிறு மட்டும்தான் இருந்தது.

அதன் பிறகும் ஒரு வேளையும் கஞ்சி தவறவில்லை. டாக்டரை அழைக்கவில்லை, உண்மை. டாக்டர் வந்தால் போலீஸுக்குத் தெரியும். போலீஸ் வந்தால் அவன் எழுதிக் கொடுப்பான். ஒன்றோடொன்று சேர்ந்த விஷயம். வேறு எங்காவது கையை வைத்து அதை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.

இருபதாம் நாளுக்கு மேல் அவனுக்குக் குரல் போய்விட்டது. மூச்சு மட்டும் சத்தமாக வந்தது. ஒரு நாள் தங்கபாய் தீனிச்சட்டியை வாசலில் வைத்துவிட்டு நின்றாள்.

"மாமா, உள்ளே யாரோ மூச்சு விடுத மாதிரி இருக்கே."

"பூவன் சீறுது."

"பூவன் நாலும் வெளியேல்லா மேயுது?"

"ஒண்ணு உள்ளே உண்டு. நீ போ மக்கா, அடை கலைஞ்சிரும்."

அவள் போய்விட்டாள். கீழ்ப்படிகிற பெண். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

முப்பத்திரண்டாம் நாள் காலையில் நான் கஞ்சி கொண்டுபோனபோது அவன் இறந்திருந்தான். அங்கேயே, தட்டிக்குப் பின்னால், தரையைத் தோண்டி வைத்தேன். மண்வெட்டியை மெதுவாகத்தான் போட வேண்டியிருந்தது. பிடைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன, ஆனால் இறங்கவில்லை. வேதவசனம் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். முப்பத்தைந்தாம் நாள் குஞ்சு பொரிந்தது. நாற்பத்தொன்பது முட்டைக்கு நாற்பத்தொரு குஞ்சு. தங்கபாய்க்குச் சந்தோஷம். கணவன் காணாமல் போன வீட்டில் அவள் அன்றுதான் சிரித்தாள். இரண்டு குஞ்சுகளைப் போதகர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

போலீஸ் பிடித்துக்கொண்டுபோய் அடித்துக் கொன்றுவிட்டார்கள், உடலைக்கூடக் கொடுக்கவில்லை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் சொன்னபோது மறுக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் இலாகாவுக்கு அதில் வருத்தம் இருந்தால் புரிந்துகொள்கிறேன்.

பிறகு ஐம்பத்தாறு நவம்பரில் கோடு போட்டார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டோடு அந்தப் பக்கம் போயிற்று. எங்களைக் கேரளத்தில், இந்தப் பக்கம் விட்டுவிட்டார்கள். களியக்காவிளையில் அவர்கள் கொண்டாட்டமாக வெடி போட்ட சத்தம் என் வீட்டு முற்றத்தில் கேட்டது. எங்களோடு சேர்ந்து கோஷம் போட்டவர்களில் ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே எங்கள் சபையில் மலையாளப் பாட்டுப்புத்தகம் வாங்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. நான் டீக்கன் பதவியை விட்டேன். மகனைக் கொடுத்தவன் நான் என்பது மட்டும்தான் எனக்கு மிச்சம் இருந்தது. கிருஷ்ணன்குட்டி அதையும் சாயாவோடு ஆற்றிக் குடித்துவிட்டான்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். தங்கபாய்தான் காரணம். கொழும்புப் பேச்சு அவள் காதுக்கும் போயிற்று. அவள் அவமானத்தில் அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஓடிவந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறைக்குள் வந்தாள். "மாமா, அவிய இருக்கினும். காலை இழுத்து இழுத்து நடக்கினுமாம். அவியளேதான்" என்றாள்.

"மாப்பு எழுதினவனாக்கும் அவன், அந்தப் பேச்சு உண்மைன்னா" என்றேன்.

"எழுதினா எழுதட்டு மாமா. ஆளு இருக்கே, அது போதும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா முதல் நாளே எழுதச் சொல்லியிருப்பேன்."

இரண்டரை வருடம் என் வீட்டில் என் சோற்றைத் தின்று, தியாகியின் மனைவி என்று சபையில் முன்பெஞ்சில் உட்கார்ந்தவள் சொன்ன வார்த்தை இது. போதகரிடம் கொழும்புச் சபைக்கு ஒரு கடிதம் வாங்கிவிட்டாள். வரும் செவ்வாய்க்கிழமை தூத்துக்குடிக்குப் புறப்படுகிறாள். கப்பலுக்கு அனுமதிச்சீட்டும் வந்துவிட்டது. அங்கே போய்த் தெருத்தெருவாக, மாப்பு எழுதிக் கொடுத்து ஓடிவந்த பாறசாலை எலியாவின் மகன் எங்கே என்று கேட்பாள். அதை நான் அனுமதிக்க முடியாது. அதனால்தான் இன்று வந்தேன். நாளை ஆட்களைக் கொண்டுவந்து தோண்டுங்கள். தட்டியிலிருந்து இரண்டு முழம் தள்ளி. கால் எலும்பைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் இருக்காது. அவளும் நின்று பார்க்கட்டும்.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். மனைவி பத்தடி தூரத்தில் தினமும் வந்து நிற்கும்போது, குரல் இருந்த நாட்களில் அவன் ஏன் அவளைக் கூப்பிடவில்லை என்று கேட்கிறீர்கள்.

முதல் ஒன்பது நாள் போலீஸுக்குப் பயந்து சும்மா இருந்தான். நாதாங்கி அடித்த அன்று மாலை, அவள் வெளியே தாறாக்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தான். கூப்பிட வாயைத் திறந்துவிட்டான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்: "அவளுக்கு எல்லாம் தெரியும் மக்கா. நீ இங்கே கிடக்கிறது தெரியும், எழுதிக் குடுக்கப் போறதும் தெரியும். மாப்பு எழுதுறவன் முகத்திலே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டா. அதுதான் வாசலோடே போறா."

அவன் வாயை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் வரும் நேரம் ஆனால் தட்டிப் பக்கம் திரும்பிப் படுத்து, அவள் தாறாக்களோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். தண்ணீர்கூடக் கேட்கமாட்டான்.

ஒரு டீக்கன் பொய் சொல்லலாகாது. அந்த ஒரு பொய்க்காக நான் தினமும் ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டுவருகிறேன். வேறு எதற்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை.