சுவருக்கு மேலே போன வயர்

— வயர இழுக்காத அண்ணா! சுவரு உச்சியில ஆணியில மாட்டி வச்சிருக்கேன், கழண்டுரும்.

— நான் எங்க இழுத்தேன் கிருசா? நீளம் பத்தல. முக்காலி மேல ஏறி நிக்கிறேன் நானு.

— அப்ப நின்னுக்கிட்டே ஆடு. லயத்துல ரெண்டு வீட்டுக்கும் நடுச் சுவரு கூரையத் தொடாததும் நல்லதாப் போச்சு. இல்லாட்டி ஒன்னோட ஜோய்ஸ்டிக்க எந்த வழியா அனுப்புறது?

— எனக்குப் படமே தெரியாது. ஒங்க காம்பராவுல கம்பியூட்டர், எங்க காம்பராவுல நான். கண்ணக் கட்டி விட்ட மாதிரி. இதெல்லாம் சரி வருமா?

— வரும், வரும். அப்பா கடைக்குத்தான் போயிருக்காரு. வர்றதுக்குள்ள பட்டன் செட் பண்ணிருவோம். நான் மேலன்னா மேல அமுக்கு, கீழன்னா கீழ அமுக்கு. மேல!

— அமுக்கிட்டேன்.

— ஐயோ சாமி, எடதுன்னு எழுதிக்கிச்சு!

— நான் எடது பக்கமே போகல.

— அந்தக் குச்சியத் தொட்டியா? அது பழசு, அதுவா எடதுக்குச் சாயுது. நீதான் அமுக்குறன்னு கம்பியூட்டர் நெனச்சுக்குது. குச்சிய விட்டுட்டு, சிலுவ மாதிரி ஒரு பட்டன் இருக்குல்ல, அதுல அமுக்கு. மேல!

— ம்.

— ஆ, புடிச்சிருச்சு. கீழ. எடது. வலது. அவ்வளவுதான், இனி சுடுற பட்டன்.

— கிருசா, விட்டுரு. நாளைக்குக் காலையில லொறி வந்துரும். சாமானெல்லாம் கட்டியாச்சு. வத்தளைக்குக் குடி போறப்ப வெளிய நின்னு அவருக்கு ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிர்றேன்.

— அவரு வெளிய வருவாருன்னு நெனைக்கிறியா? அம்மா செத்து ரெண்டு வருசமாச்சு. நடுவுல இருக்கிறது ஒத்தச் சுவரு. ஒம் புள்ளைய இன்னும் தொட்டுப் பாக்கல அந்த மனுசன்.

— அவரு மேல என்னா தப்பு? பெத்தவ சாவுக்கு வராதவன் நான். கொழும்புல வேலையில இருந்தேன், போன்ல சார்ஜ் இல்ல. மண்ணு போட்டப்புறம் வந்து நின்னா எந்தத் தகப்பனுக்குத்தான் ஆறும்? இனி என் வாசப்படிய மிதிக்காதன்னாரு. மிதிக்கல.

— நானும் மிதிக்கச் சொல்லல. சுடுற பட்டன அமுக்கு! அவரு ஒங்கிட்ட வாய் தொறந்து பேசணும், அவ்வளவுதான் எனக்கு. நாளைக்கு நீ போயிட்டா அதுவும் நடக்காது.

— என்னா சொல்லி ஆட வைக்கப் போற?

— ரெண்டாவது ஆள கம்பியூட்டரே ஆடும், சத்தமா சொன்னா கேக்கும்னு சொல்வேன். அவரு சொல்றத நீ செய்யி. வாய மட்டும் தொறந்துராத. குதிக்கிற பட்டன்... ஐயோ, செருப்புச் சத்தம்! வந்துட்டாரு! எறங்கிராத, நில்லு!

— என்னா புள்ள, தனியா யாருகூட கத்துற?

— கம்பியூட்டர்கூடதான் அப்பா. இங்க வந்து பாருங்க, ஒங்க பழைய கேமு! செவப்புச் சட்டக்காரன், நீலச் சட்டக்காரன்.

— அட! இத எங்கிட்டுப் புடிச்ச? டீவியில சொருகுற அந்தப் பெட்டிதான் பழுதாப் போச்சே.

— பெட்டி வேணாம்ப்பா. அது மாதிரியே கம்பியூட்டருக்குள்ள ஓடுது. இந்தாங்க ஜோய்ஸ்டிக், நீங்க செவப்பு.

— நீலத்த எப்பவும் அவன்தான ஆடுவான்.

— இப்ப கம்பியூட்டர் ஆடும். நீங்க சொல்றதக் கேட்டு ஆடும்.

— சுவருக்கு மேல என்னா வயரு போகுது?

— அது டீவி ஏரியல்ப்பா. சிக்னலுக்கு.

— ம். சரி, ஒரு தரம் ஆடிப் பாக்குறேன். இந்தா ஓடுறான்... என்னா புள்ள இது, நீலம் நட்டு வச்ச மாதிரி நிக்கிறான்? ரெண்டு பேரும் ஓடுனாத்தான படம் நகரும்.

— சத்தமா சொல்லுங்க. அந்தப் பக்கம்... அது உள்ளுக்குக் கேக்கணும்.

— ஏய் நீலம், முன்னுக்கு வா! வர்றானே! சுடு! அட, சுடுன்னா குதிக்கிறான் இவன்.

— பட்டன் மாறிப் போச்சு போல. மத்த பட்டன்! மத்தது!

— யாருக்குப் புள்ள சொல்ற?

— கம்பியூட்டருக்குத்தான்.

— சுடு! ஆங், அப்பிடி! முன்னால பள்ளம், குதி! சபாஷ்! இந்த வீட்டுல நான் சொன்னதக் கேட்ட மொத ஆளு இதுதான்.

— நல்லா கேக்கும்ப்பா. நீங்க பேசுனாப் போதும்.

— எதுக்க ஒருத்தன் வர்றான், குனி! குனிடா! என்னா, நின்னுட்டான்?

— சூடாயிருச்சு போல. பழைய கம்பியூட்டர்தானே.

— பக்கத்துல புள்ள அழுவுது.

— அது எப்பவும் அழுவுறதுதானே அப்பா.

— ம். இந்தா, புள்ள வாய மூடுச்சு. நீலமும் நடக்கிறான்.

— ஆமா, சூடு ஆறிருச்சு.

— ஆறும், ஆறும். வா, மெதுவா வா. பாலம் வருது, ஒடையிற பாலம். அவசரப்படாத, நீ எப்பவும் இங்கதான் விழுவ.

— யாரு அப்பா?

— நீலத்தச் சொன்னேன். குதி! மறுபடியும் புள்ள அழுவுது பாரு. பரவால்ல, தூக்கிக்க. தூக்கிக்கிட்டே குதி!

— அப்பா, நீலம் அசையல. ஐயோ, வயரு கம்பியூட்டர விட்டுக் கழண்டு கீழ கெடக்குது! இருங்க, மாட்டுறேன்.

— தொடாத.

— அப்பா, அது வந்து...

— மெதுவாப் பேசு புள்ள, அங்கிட்டுக் கேக்கும். ஏரியலாம் ஏரியல்! அவன் இருமுனா நான் முழிச்சுக்குவேன். ரெண்டு வருசமா அந்தச் சுவரப் பாத்துத்தான் படுக்கிறேன். நாளைக்கு அங்க வேற யாரோ இருமுவான்.

— அப்ப ஒரு வார்த்த பேச வேண்டியதுதான?

— எப்பிடிப் பேசுறது? மிதிக்காதன்னு சொன்ன வாயி. வெக்கமா இருக்குல்ல.

— சரி, வயர மாட்டுறேன். அவன் அங்க சும்மா அமுக்கிக்கிட்டு இருப்பான்.

— வயரு வேணாம். அமுக்கட்டும், நான் வாயாலயே சொல்றேன். ஏய், குதி! ஆங், தப்பிச்சிட்ட! இன்னொன்னு, குதி! ஒடையுது, ஒடையுது, நிக்காத! குதி!

— அப்பா, ஒங்க கண்ணு...

— சும்மா இரு. தாண்டிட்டடா, பாலத்தத் தாண்டிட்ட! இனி சுட வேணாம், யாரும் இல்ல. கையில இருக்கிறதக் கீழ வையி. முக்காலியப் பாத்து எறங்கு. கதவத் தொறந்தா இஸ்தோப்புத் திண்ண. வலது பக்கம் திரும்புனா ஒரு வாசப்படி வரும். புள்ளையத் தூக்கிக்கிட்டு, அத மிதிச்சு உள்ள வா.