மெத்தைகளுக்குப் பின்னால் இருந்த ரூட்டர்

வீட்டில் வைஃபை சரியாக வரவில்லை என்றால், கம்பெனியை மாற்றுவதற்கு முன்னால் ரூட்டர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாதி வீடுகளில் கோளாறு அங்கேதான். இதை நான் உங்கள் தங்கை சைராவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீங்கள் இந்தப் பனியில் நாரினிலிருந்து கணவாயைத் தாண்டி பிஷ்கெக் வரை வந்திருக்க வேண்டியதில்லை, மெல்ஸ் மச்சான்.

ஒன்றும் விடாமல் நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். உங்கள் தம்பிகளை மாடிப்படியில் நிற்க வைத்தது நல்லது. அவர்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அந்த அறைக் கதவையும் சாத்திவிடுங்கள். டீ ஆறுவதற்குள் குடியுங்கள்.

எங்கள் ரூட்டர் பெரிய அறையில், ஜூக்குக்குப் பின்னால் இருந்தது. உங்கள் அம்மா சீதனமாகக் கொடுத்த மரப்பெட்டி, அதன்மேல் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கிய மெத்தைகள். அந்த அடுக்கை சைரா யாரையும் தொட விடமாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும். விருந்தாளி வந்தால் இறக்கித் தருவது நான். திரும்ப அடுக்குவதும் நான். கணவன் என்ற முறையில் எனக்கு இருந்த ஒரே உரிமை அது என்று ரோசா கேலி செய்வாள்.

ரோசா எங்கள் மேல்மாடிக்காரி. கம்பெனியை மாற்றலாம் என்ற பேச்சைத் தொடங்கி வைத்தவளும் அவள்தான். குளிர் காலம் தொடங்கியபோது ஒரு நாள் எண்ணெயில் பொரித்த போர்சோக் சாப்பிட வந்திருந்தாள். சைரா போனை நீட்டிக் காட்டினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது நெட்டா? ஆமைன்னு சொல்லலாம்னா, ஆமை கூட ஒரு நாள் வீடு வந்து சேருமே!" என்றாள் ரோசா. "நாங்க புதுக் கம்பெனிக்கு மாறிட்டோம். என் பேத்தி கொரியாவுல மூக்க சொறிஞ்சா எனக்கு இங்க தெரியுது."

"நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு," என்றாள் சைரா. "எம் புள்ள எலாமன் மூஞ்சியப் பாத்து எத்தனை நாளாச்சு தெரியுமா? ரஷ்யாவுல கஸான்ல இருந்து எழுத்து வருது, குரல் வருது. ஆளு வரமாட்டேங்குறான்."

"உன் வீட்டுக்காரரு கஞ்சன். டீ பாக்கெட்டையே காயவெச்சு ரெண்டாந்தரம் போடுறவரு."

நான் சிரித்தேன். கஞ்சன் என்ற பெயர் எனக்கு வசதியாக இருந்தது. புதுக் கம்பெனிக்காரன் சுவரைத் துளைத்துப் பாழாக்கிவிடுவான் என்றேன். பழைய கம்பெனியோடு ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை என்றேன். குளிரில் கேபிள் சுருங்கும், வசந்தத்தில் சரியாகிவிடும் என்றுகூடச் சொன்னேன். அதை அவள் நம்பினாள். முப்பது வருடம் பொய் சொல்லாத ஒருவன் சொன்னால் எதையும் நம்பத்தான் செய்வார்கள்.

பழைய கம்பெனிக்கு அவள் எதிரிலேயே போன் செய்து சண்டை போட்டேன். அவர்களும் ஒருவரை அனுப்பினார்கள். அன்றைக்கு அவளை ஓஷ் பஜாருக்கு இறைச்சி வாங்க அனுப்பிவிட்டேன். வந்தவர் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, லைனில் ஒரு குறையும் இல்லை, அருமையாக வருகிறது என்றார். வராமல் என்ன செய்யும்? அவர் வருவதற்கு முன்பே நான் வெள்ளித் தாளை எடுத்துவிட்டேன்.

ஆமாம், ரேடியேட்டருக்குப் பின்னால் ஒட்டுவோமே, சூடு சுவரில் போகாமலிருக்க, அந்தத் தாள்தான். மிச்சமிருந்த துண்டை ரூட்டரைச் சுற்றி இரண்டு மடிப்பாகக் கட்டியிருந்தேன். முழுக்க மூடவில்லை. நெட் செத்துப்போனால் உடனே ஆள் வந்து சரிசெய்துவிடுவான். நொண்டிக்கொண்டிருந்தால் எல்லோரும் கம்பெனியைத்தான் திட்டுவார்கள். அவள் போனில் வைஃபை தவிர வேறு நெட் கிடையாது. எழுத்து வர வேண்டும், முகம் வரக் கூடாது. அந்த அளவைப் பிடிக்கக் கொஞ்சம் பொறுமை தேவைப்பட்டது.

எலாமன் செப்டம்பரிலேயே போய்விட்டான், மச்சான். கஸானில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தான். உடலை அவனோடு வேலை செய்த பையன்கள் விமானத்தில் அனுப்பினார்கள். எங்கள் ஊர் தோனில், என் அண்ணன் வீட்டு வாசலில் யூர்த்தா கூடாரம் போட்டு, எங்கள் குடும்ப இடுகாட்டிலேயே அடக்கம் செய்தோம். சைராவிடம் அண்ணனுக்கு உருளைக்கிழங்கு தோண்ட உதவப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். திரும்பும்போது இரண்டு மூட்டை உருளைக்கிழங்கும் கொண்டுவந்தேன். வெறுங்கையோடு வந்தால் கேட்பாளே. இந்த வருசம் நல்லா விளைஞ்சிருக்கு என்று சொன்னாள். ஆமாம் என்றேன். அன்று மாலை அதையே வறுத்துக் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

நம் வழக்கம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாவுச் செய்தியை யாருக்கும் போனில் சொல்ல மாட்டோம், தனியாக இருப்பவரிடம் சொல்ல மாட்டோம். பெரியவர்கள் கூடி, பக்கத்தில் தாங்கிப் பிடிக்கப் பெண்களை உட்கார வைத்து, அதன் பிறகே காதில் போடுவோம். அதுவரை தெரிந்தவர்கள் எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். நான் செய்ததும் அதுதான். கொஞ்சம் நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

அண்ணன் கேட்டார்: "எப்படா சொல்லப் போற?" நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். முதல் பனி விழட்டும் என்றேன். அவள் பிறந்த நாள் போகட்டும் என்றேன். தாய்க்குச் சொல்லியாகிவிட்டதா என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். இல்லை என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள். சொல்ல வேண்டியவன் நான். வேறு யாரும் முந்த மாட்டார்கள். உங்களுக்குச் சொல்லாததற்கும் அதுவே காரணம். தாய்மாமன் நீங்கள். கேட்ட நிமிடமே நாரினில் வாய்விட்டு அழுவீர்கள், அது அவளுக்குக் கேட்டுவிடும்.

ஒரே இடைஞ்சல், எங்கள் வம்சத்தின் வாட்ஸ்அப் குழு. சின்னப் பையன் ஒருவன் அடக்கத்தை வீடியோ எடுத்து அதில் போட்டுவிட்டான். அவள் போனில் அது வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. "உங்க ஆளுங்க என்னமோ கல்யாண வீடியோ போட்டிருக்காங்க, தொறக்கவே மாட்டேங்குது," என்று ஒரு தடவை சலித்துக்கொண்டாள்.

எலாமனின் போன் அவன் துணிகளோடு வந்தது. அதை என் கோட்டின் உள்பையில் வைத்திருந்தேன். கொதிகலன் கூடத்துக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்கு எழுதுவேன். அவன் தன் நண்பர்களுக்குப் பேசி அனுப்பிய பழைய துண்டுகள் அதில் நிறைய இருந்தன. "நல்லா இருக்கேன்." "குளிரு கொல்லுது." "சாப்பிட்டேன், சாப்பிட்டேன்." அவற்றை எடுத்து அனுப்புவேன். "வீடியோ வேண்டாம்மா, உங்க பக்கம் நெட்டு சரியில்ல" என்று எழுத்தில் சேர்ப்பேன். அவள் பதிலுக்கு நீளமாகப் பேசி அனுப்புவாள். அதை நான் அந்த பெஞ்சில் கேட்பேன். என்னைப் பற்றிக் குறை சொல்லுவாள், மச்சான். "உங்கப்பா இப்பல்லாம் சரியாவே சாப்பிடறதில்ல. உன்ன நெனச்சு ஏங்குறாரு போல. வெளிய காட்டிக்க மாட்டாரு."

கம்பளிக் காலுறை பின்னினாள். தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று வாங்கிப் போனேன். சரியாக இருக்கிறது என்று அவன் சார்பில் எழுதினேன். கார் கொட்டகையில் அலமாரியில் இருக்கிறது. நீங்கள் போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் சைரா மேலே போய் ரோசாவின் போனிலிருந்து அவனை வீடியோவில் கூப்பிட்டிருக்கிறாள். நான் படியேறிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்கு மேல் அவன் போன் அதிர்ந்தது. இரண்டு மாடிக்கு மேலே அவள் குரல் கேட்டது: "எடுடா கண்ணு, எடுடா, இங்க நெட்டு நல்லா இருக்கு." அதிர்வு நின்றதும், வேலையில் இருக்கிறேன், மேஸ்திரி பார்க்கிறார் என்று எழுதி அனுப்பினேன். பிறகு மெதுவாக ஏறி வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றினேன்.

அதன் பிறகுதான் அவள் பிடிவாதம் பிடித்தாள். "எலாமன் அப்பா, நான் முடிவு பண்ணிட்டேன். கம்பெனிய மாத்துறோம். புள்ள மூஞ்சிய ஒரு தடவ பாத்துக்கறேன். அப்புறமா வேணும்னா உங்க பழைய கம்பெனியவே கட்டிக்கிட்டு அழுங்க."

யோசிப்போம் என்றேன். நான் உண்மையிலேயே யோசித்தேன். மாற்றினால் புது ஆள் வருவான், கேபிள் இழுப்பான், ஜூக்கை நகர்த்துவான். மாற்றாவிட்டால் அவள் கஸானுக்கு டிக்கெட் எடுப்பாள். எது பரவாயில்லை என்று ஒரு மனிதன் எப்படி முடிவு செய்வது? வசந்தம் வரட்டும் என்று மறுபடியும் சொன்னேன்.

அவள் வசந்தத்துக்குக் காத்திருக்கவில்லை. நேற்று நான் மருத்துவமனைக்குப் போன நேரம் பார்த்துப் புதுக் கம்பெனிக்காரரை வரவழைத்துவிட்டாள். அவர் வந்ததும், தன் கையாலேயே மெத்தைகளை ஒவ்வொன்றாக இறக்கினாளாம். ரோசாவும் கூட இருந்தாள், அவள்தான் சொன்னாள். அந்த ஆள் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார்.

"அக்கா, ரூட்டருக்கு யாரு குளிர் கோட்டு போட்டு விட்டது?"

தாளைப் பிரித்துக் கையில் கொடுத்திருக்கிறார். பிறகு அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எங்க கம்பெனியே தேவையில்ல. பழைய லைனே குதிரை மாதிரி ஓடுது. வீணா மாத்தாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நேர்மையான மனிதர். அவர் படியிறங்குவதற்குள் கல்யாண வீடியோ திறந்துவிட்டது.

நான் வீட்டுக்கு வந்தபோது மெத்தைகள் தரையில் சாவு வீட்டில் விரிப்பதுபோல விரிந்திருந்தன. ரூட்டர் மேசைமேல் இருந்தது. பக்கத்தில் வெள்ளித் தாள் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலையில் கறுப்புத் துணி. திரும்பாமலே கேட்டாள்.

"அங்க யாரு ஒப்பாரி வெச்சா?"

அண்ணன் வீட்டுப் பெண்கள் என்றேன்.

"அவன் கன்னத்துல ஆட்டுக்குட்டி முட்டுன தழும்பு, அவுங்களுக்குத் தெரியுமா? அவன் மொதமொதல்ல என்ன பேசுனான்னு தெரியுமா? எதச் சொல்லி அழுதாங்க?"

பிறகு இன்னொன்று கேட்டாள்.

"அவன் என்னக் கூப்பிட்டானா?"

இல்லை என்றேன்.

எலாமன் அப்பா என்று அவள் என்னைக் கூப்பிடவில்லை. எழுந்து வந்து, என் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, அவன் போனை எடுத்துக்கொண்டு போனாள். அதில் பார்த்திருப்பாள். அதைப் பார்த்த பிறகுதான் உங்களுக்குப் போன் செய்திருக்கிறாள்.

இங்கே நான் ஒரு விஷயத்தை முன்பின்னாகச் சொல்லிவிட்டேன், மச்சான். வெள்ளித் தாளை நான் அடக்கத்துக்குப் பிறகு கட்டவில்லை. அவன் விழுந்த அன்றே கட்டினேன்.

விழுந்தவுடன் அவன் சாகவில்லை. மருத்துவமனையில் கிடந்தான். நினைவு இருந்தது. பேச்சும் இருந்தது. முதலில் என்னைக் கூப்பிட்டான். திரையில் முகத்தைப் பார்த்தேன். கட்டுகளுக்கு நடுவில் ஒரு கண். அம்மாவிடம் கொடுங்கள் என்றான். அவள் அப்போது சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், பத்தடி கூட இருக்காது. அம்மா வெளியே போயிருக்கிறாள் என்றேன். கட்டுப் பிரித்த பிறகு பார்க்கட்டும், இப்படிப் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன்.

அவன் நேராக அவளுக்கே கூப்பிட ஆரம்பித்தான். கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். தாள் அதைப் பார்த்துக்கொண்டது. தப்பித்து வந்த அழைப்புகளின் தடத்தை, அவள் போனைச் சார்ஜில் போடும் சாக்கில் நான் அழித்துவிடுவேன். அவன் போனில் இருந்ததை அழிக்கவில்லை, நேற்று அவள் பார்த்தது அதைத்தான். என்னிடம் கேட்பான், அம்மா ஏன் எடுக்கவில்லை என்று. வீட்டில் நெட் சரியில்லை என்பேன். கடைசியாகப் பேசியபோது மூச்சு வாங்கியது. மெதுவாகச் சொன்னான்:

"அப்பா, அந்தக் கம்பெனிய மாத்துங்கப்பா. காசு நான் அனுப்புறேன்."

சரி என்றேன்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். வீட்டில் இதய நோய் இருக்கிறது, அதிர்ச்சி கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உங்கள் தங்கை பனிக்கணவாயில் கன்றுக்குட்டியைத் தோளில் சுமந்து வந்தவள், அவளுக்கு என்ன இதய நோய் என்று நீங்கள் கேட்பீர்கள். மருத்துவர் சொன்னது எனக்குத்தான். மாத்திரை போடுபவனும் நான்தான். எங்கள் முதல் பெண் குழந்தை தொட்டிலில் போனபோது சைரா அழுத அழுகையை நான் கேட்டிருக்கிறேன். அதை இன்னொரு தடவை கேட்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஒரு குடும்பத்தில் ஒருவர் நெஞ்சுக்கு ஆகாதது மற்றவருக்கும் ஆகாது, இல்லையா?

அவள் மறுபடி தொடங்கிவிட்டாள். கதவு சாத்தியிருந்தும் கேட்கிறது. போய் உங்கள் தங்கையிடம் கொஞ்சம் மெதுவாக அழச் சொல்லுங்கள், மச்சான். அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.