பொன்னேரி பஸ் வருவதற்குள்

— இன்னாக்கா, அதுக்குள்ள அடுத்த பேப்பர எடுத்துட்ட? என் மூக்கு எங்க?

— மூக்கெல்லாம் வராது சுபாஷ். லீவுல வந்திருக்கேன், பத்து நிமிஷத்துக்கு ஒரு படம்னு ஜாலியா போட்டுக்கிட்டிருக்கேன். தண்ணி, படகு, அதுல ஒரு ஆளு. அவ்வளவுதான்.

— அந்த ஆளு நான்தான்னு யாருக்குத் தெரியும்? தேவதர்ஷினிக்கா, உன் கால்ல வுழறேன், ஒரு மீசையாவது வெய்க்கா.

— உனக்கே இன்னும் ஒழுங்கா மீசை முளைக்கலையே!

— கலாய்க்காதக்கா. பாத்தவொடன நான்தான்னு சோபியாக்குத் தெரியணும்.

— சோபியாவா? தினமும் பொன்னேரி துணிக்கடைக்கு வேலைக்குப் போற பொண்ணா? நேத்து எனக்கு லாட்ஜுக்கு வழி காட்டினாளே!

— அதேதான். ஞாயித்துக்கெழம தோணிரேவுலேர்ந்து அவளப் பொண்ணு பாக்க வர்றாங்களாம். ஊரே பேசுது. மூணு வருசமா மனசுல வெச்சிக்கினு இருக்கேன்க்கா. நேர்ல பாத்தா வாயே வரமாட்டேங்குது. படத்தக் குடுத்துட்டா அதுவே பேசிடும்ல?

— அடப்பாவி, அதான் காலையிலேர்ந்து என் எதிர்லயே படகை நிறுத்தி வெச்சிருக்கியா! அவ எப்ப வருவா?

— பஸ்ஸு வர்ற நேரந்தான். எறங்கி இந்த வழியாதான் நடந்து வருவா. அதுக்குள்ள முடிச்சிடு.

— நேரா உக்காரு. சிரிக்காதே. தோளை ஏன் அப்படித் தூக்கற? இந்தா, மீசை வெச்சாச்சு. ஆமா, உனக்கு இன்னிக்கு வலை போடற வேலை இல்லையா?

— இன்னிக்குதான் எங்க பாடு.

— பாடுன்னா?

— ஏரில நல்ல எடத்துல வல வுடறதுக்கு வூட்டுக்கு வூடு முறை இருக்குதுக்கா. இன்னிக்கு எங்க முறை. நான் அங்க இருக்கேன்னு நைனா நெனச்சிக்கினு இருக்குது.

— முறையை விட்டுட்டு இங்க போஸ் குடுக்கறியா! தெரிஞ்சா?

— என்னயே வலையில சுத்தி ஏரில வுட்டுடும். சத்தியமா பரவால்லக்கா. மீனு நாளைக்கும் வரும். பக்கத்துல சோபியாவயும் ஒக்கார வெச்சிடேன்.

— அவதான் இங்க இல்லையே!

— மீசகூடத்தான் இல்ல. வெச்சல்ல?

— வாயே வராதாம் இவனுக்கு! சரி, மஞ்சள்ல ஒரு இழுப்பு, புடவை. கறுப்புல ஒரு புள்ளி, கொண்டை. உக்காந்துட்டா பாரு, உன் பக்கத்துல!

— ஐயோ அக்கா! சத்தியமா சோபியாதான்! எனக்கு ஜிவ்வுனு இருக்குதுக்கா. இரு, படக இன்னும் கிட்ட கொண்டாறேன். பேஜாராப் போச்சே.

— என்ன ஆச்சு?

— நகரல. தண்ணி வத்திப் போயி சேத்துல ஒக்காந்துகிச்சு.

— நீ மீன் பிடிக்கறவன்தானே? தண்ணி இறங்கறதுகூடவா தெரியல?

— நான் எங்க தண்ணியப் பாத்தேன், நீ ஆட்டாதன்னு சொன்ன மூஞ்சியத்தான் புடிச்சிக்கினு இருந்தேன்! இப்படி வுழுந்து வுழுந்து சிரிக்காதக்கா, கலர் தட்டு கவுந்துடப் போவுது. அக்கா... திரும்பாத. சோபியா வர்றா.

— இன்னா சுபாஷு, பாடு அன்னிக்கு படகக் காயப் போட்டுக்கினு இருக்க?

— இல்ல சோபியா... சொம்மா...

— அக்கா, அந்தப் படத்தக் கொஞ்சம் காட்டுங்க. ஐய, மீசையப் பாரு! பக்கத்துல இது யாரு, மஞ்சப் புடவ?

— என்னைக் கேக்காதேம்மா, படகுக்காரரைக் கேளு. சுபாஷ், பெயின்ட் காயறதுக்குள்ள சொல்லிடுப்பா!

— அது... நீதான் சோபியா.

— நானா? உன் படகுல எனக்கு இன்னா வேல?

— என்கூட இருக்கற வேல. எப்பவும். என்னக் கட்டிக்கிறியா? அவங்க வந்து ஒக்கார்றதுக்கு முன்னால கேட்டுடணும்னுதான் பாடு முறைய வுட்டேன், நைனாவ ஏமாத்தினேன், படகயும் சேத்துல வுட்டேன். இனிமே வுடறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல.

— எறங்கு. நீ அந்தப் பக்கம் தள்ளு, நான் இந்தப் பக்கம் தள்றேன்.

— அப்ப சரின்றியா? சோபியா, சரின்றியா? தோணிரேவுக்காரங்களுக்கு இன்னா சொல்லுவ?

— தோணிரேவுலேர்ந்து யாரும் வரலடா. நீ வாயத் தொறக்கணும்னு நானே கெளப்பிவுட்ட கத அது.