கரும்புள்ளி இல்லாத ஃபைல்

மனைவி: கழுத்தை நீட்டுங்க. இன்னும் கொஞ்சம்... ஆடாம நில்லுங்க.

மெக்கானிக்: மூச்சு முட்டுதுடி.

மனைவி: டை கட்டச் சொன்னா மூட்டை கட்டி வெச்சிருக்கீங்க. யாரு கத்துக் கொடுத்தா இந்த முடிச்சை?

மெக்கானிக்: போன்ல பார்த்துதான். கட்டறதுக்கு வீடியோ இருந்துச்சு. அவுக்கறதுக்கு இல்ல.

மனைவி: இதோ... வந்துடுச்சு. உக்காருங்க. சொல்லுங்க, இன்டர்வியூ எப்படிப் போச்சு?

மெக்கானிக்: போச்சு.

மனைவி: நல்லாப் போச்சா, இல்ல போயே போச்சா?

மெக்கானிக்: நல்லாத்தான்... மூணு பேர் உக்காந்திருந்தாங்க. பெரிய மேனேஜர் ஒருத்தர். ஆள் எடுக்கிற பிரிவுலேர்ந்து ஒரு மேடம். இன்னொருத்தர் ஓரமா, வாயே திறக்கல. சுவத்துல ஏசி இருக்கிற மாதிரி அவரும் சும்மா இருந்தாரு.

மனைவி: பதினோரு மணிக்கு இன்டர்வியூ. இப்போ மணி அஞ்சு. ஆறு மணி நேரமா கேள்வி கேட்டாங்க?

மெக்கானிக்: பஸ்ல கூட்டம்.

மனைவி: ஆறு மணி நேரக் கூட்டமா?

மெக்கானிக்: கொஞ்சம் நடந்தேன்... காத்தாட.

மனைவி: புது ஷூவைப் போட்டுக்கிட்டு, காத்தாட. சரி. முதல் கேள்வி என்ன?

மெக்கானிக்: உங்க பலம் என்னன்னு கேட்டாங்க. நாலு வரி மனப்பாடம் பண்ணியிருந்தேன் இல்ல, கடகடன்னு ஒப்பிச்சுட்டேன். பலவீனம் என்னன்னு கேட்டாங்க. வேலையில அளவுக்கு மீறி ஈடுபாடு காட்டறதுதான் சார் என் பலவீனம்னேன்.

மனைவி: இந்த ரூம் ஃபேன் சுவிட்ச் ஆறு மாசமா வெளிய தொங்குது. அதையும் சொன்னீங்களா?

மெக்கானிக்: சிரிக்காதே. அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்கன்னு கேட்டாங்க. தைரியமாப் பதில் சொல்லணும்னு புத்தகத்துல போட்டிருந்தான். மேனேஜரைப் பார்த்து, ‘உங்க நாற்காலியில சார்’னேன்.

மனைவி: ஐயையோ!

மெக்கானிக்: அவர் நாற்காலியை ஒரு தடவை கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு.

மனைவி: அஞ்சு மணிக்கு எழுந்து எழுந்து படிச்சது இதுக்குத்தானா?

மெக்கானிக்: அஞ்சு மணிக்கு எழுந்தேன். படிச்சேன்னு நான் சொன்னேனா?

மனைவி: படுக்கையிலேர்ந்து எழுந்து வந்து நாற்காலியில தூங்குவீங்க. பாவமா இருக்கும். ‘நான் ஒரு தலைவன்’னு பாத்ரூம் கண்ணாடியில எழுதி ஒட்டினீங்களே...

மெக்கானிக்: ஆவி பட்டுக் கடைசி ரெண்டு எழுத்து அழிஞ்சு போச்சு.

மனைவி: ‘நான் ஒரு தலை’ன்னு நின்னுச்சு. உங்க பொண்ணு பார்த்தா, பக்கத்துல ‘வலி’ன்னு எழுதி வெச்சுட்டா.

மெக்கானிக்: ஒரு மாசம் அதைத்தான் பார்த்துப் பல் தேய்ச்சேன். தப்பாத் தெரியல எனக்கு.

மனைவி: சரி, விஷயத்துக்கு வாங்க. சூப்பர்வைசர் வேலை கிடைக்குமா, கிடைக்காதா?

மெக்கானிக்: வெறும் சூப்பர்வைசர் இல்லடி. பாதுகாப்பு சூப்பர்வைசர். எல்லா லிஃப்டையும் மெக்கானிக்குங்க ஒழுங்கா சோதிக்கிறாங்களான்னு பார்க்கிற வேலை.

மனைவி: தெரியும். கிடைக்குமா?

மெக்கானிக்: அந்த மேடம் என் ஃபைலை எடுத்தாங்க. புரட்டினாங்க. ‘பதினெட்டு வருஷம். ஒரு கரும்புள்ளி இல்ல’ன்னாங்க. மேனேஜர் தலையை ஆட்டினாரு. ‘இந்த ஃபைலைப் புதுசா வர்றவங்களுக்கு எடுத்துக் காட்டலாம்’னாங்க.

மனைவி: பாராட்டுதானே?

மெக்கானிக்: அதோட விட்டிருக்கலாம். ‘உங்ககூட ஜோடியா வேலை பார்த்தாரே, அவர் மாதிரி இல்லாம’ன்னு ஒரு வார்த்தை சேர்த்தாங்க.

மனைவி: ஸ்பேனர் அண்ணனையா?

மெக்கானிக்: ம்.

மனைவி: அப்புறம்?

மெக்கானிக்: தண்ணி கொடு.

மனைவி: குடிங்க... அப்புறம்?

மெக்கானிக்: அது அவன் தப்பு இல்ல மேடம், என் தப்புன்னு சொல்லிட்டேன்.

மனைவி: எது?

மெக்கானிக்: உனக்குத் தெரியாதுடி. யாருக்கும் தெரியாது.

மனைவி: சொன்னாத்தானே தெரியும். மெதுவாச் சொல்லுங்க.

மெக்கானிக்: மூணு வருஷம் முன்னாடி, ஒரு ஆறு மாடிக் கட்டிடம். முழுக்கக் கடையும் கிளினிக்கும். மாசச் சோதனைக்கு நானும் ஸ்பேனரும் போகணும். லிஃப்டை நிறுத்திட்டு ஒவ்வொரு மாடியிலயும் கதவைத் திறந்து உள் பூட்டைப் பார்க்கணும். தேய்ஞ்சிருந்தா ஓடற லிஃப்ட் நடுவுல நின்னுடும், மாத்தணும். நான் பார்த்து முதல் கையெழுத்து. அவன் மறுபடி பார்த்து ரெண்டாவது கையெழுத்து.

மனைவி: நீங்க பார்க்கலையா?

மெக்கானிக்: ரெண்டு மாடி பார்த்தேன். அப்புறம் மொட்டை மாடிக்குப் போய், மெஷின் ரூம்ல காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்துட்டேன். சுயமுன்னேற்றப் பேச்சு ஒண்ணு.

மனைவி: என்ன பேச்சு?

மெக்கானிக்: வேண்டாம், விடு.

மனைவி: சொல்லுங்க...

மெக்கானிக்: செய்யற வேலையில முழுக் கவனம் வைக்கிறது எப்படின்னு.

மனைவி: முழு... முழுக் கவனமா?

மெக்கானிக்: சிரிச்சுடு. அடக்காதே. நல்ல பேச்சுடி அது. முக்கால் மணி நேரம் அசையாமக் கேட்டேன். கேட்டுக்கிட்டே ஆறு மாடிக்கும் டிக் போட்டேன்.

மனைவி: ஸ்பேனர் அண்ணன் எங்க?

மெக்கானிக்: மூச்சு வாங்கப் படியேறி வந்தான். ‘எல்லாம் பார்த்தாச்சா?’ன்னான். ‘பார்த்தாச்சு’ன்னேன். என் முகத்தை ஒரு நொடி பார்த்தான். கையெழுத்துப் போட்டான். போயிட்டான்.

மனைவி: அப்புறம்தான் அந்த லிஃப்ட் நின்னுச்சா?

மெக்கானிக்: ஒன்பதாவது நாள். நாலாவது மாடிக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல. உள்ள ஒரு அம்மா, தனியா. அஞ்சாவது மாடியில மூக்குக் கண்ணாடிக் கடை வெச்சிருக்காங்க. அவங்களுக்கு ஆஸ்துமா. மருந்து மேல கடையில இருக்கு, இவங்க உள்ள இருக்காங்க. ஐம்பது நிமிஷம். வெளிய எடுக்கும்போது உதடெல்லாம் நீலம்.

மனைவி: ஐயோ...

மெக்கானிக்: பிழைச்சுட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் லிஃப்ட்ல ஏறவே இல்ல. தினம் அஞ்சு மாடி நடக்கறாங்க. மாசா மாசம் நான் சோதனைக்குப் போவேன். மூணாவது மாடிப் படியில உக்காந்து மூச்சு வாங்கிட்டு இருப்பாங்க. என்னைப் பார்த்துச் சிரிப்பாங்கடி. ‘உங்க லிஃப்ட் நல்லாத்தான் இருக்கும் தம்பி, என் நெஞ்சுதான் கோழை’ம்பாங்க.

மனைவி: நீங்க என்ன சொல்லுவீங்க?

மெக்கானிக்: பையைத் தோள் மாத்திப் போட்டுக்கிட்டு மேல போயிடுவேன்.

மனைவி: விசாரணை வெச்சிருப்பாங்களே?

மெக்கானிக்: வெச்சாங்க. ‘கடைசியாப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யாரு?’ன்னு கேட்டாங்க. ‘நான்தான் சார், என் தப்புதான்’னு ஸ்பேனர் முன்னாடி வந்து நின்னுட்டான். ‘இல்ல சார், பார்த்தாச்சுன்னு நான்தான் பொய் சொன்னேன்’னு ஒரு வரி. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது.

மனைவி: சொல்லல.

மெக்கானிக்: தரையைப் பார்த்துட்டு நின்னேன். இப்போகூட அந்த ரூம் தரை எப்படி இருக்கும்னு வரைஞ்சு காட்டுவேன். அவனுக்கு வர வேண்டிய சீனியர் மெக்கானிக் பதவி நின்னு போச்சு. ஸ்பேனர் இல்லாம தூங்க மாட்டான்னு பேர் வாங்கினவனை ஸ்டோர்ஸ்ல உக்கார வெச்சு, அடுத்தவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வெச்சாங்க. அவன் பதவி யாருக்கு வந்துச்சு?

மனைவி: உங்களுக்கு.

மெக்கானிக்: இனிப்பு வாங்கிட்டு வந்தேன் அன்னிக்கு. ஞாபகம் இருக்கா? நீகூட, ‘நல்ல சேதிக்கு ஏன் முகம் இப்படி இருக்கு?’ன்னே. பல் வலின்னேன்.

மனைவி: அதுக்கப்புறம்தான் புத்தகமா வாங்கிக் குவிச்சீங்களா?

மெக்கானிக்: வேற என்ன பண்றது? நல்ல மனுஷனாகணும்னு ஒரு வெறி. குளிர்ந்த தண்ணியில குளிச்சேன், சளி பிடிச்சது. தியானம் பண்ணினேன், குறட்டை விட்டேன். டயரி எழுதினேன், முதல் ஒன்பது பக்கம் என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அலமாரி நிறையப் புத்தகம். ஒரு பக்கத்துலயாவது ஸ்டோர்ஸ் எந்தப் பக்கம்னு போட்டிருக்கக் கூடாதா? எங்க ஆபீஸ்ல கீழ்த்தளம்டி. இருபது படி.

மனைவி: இறங்கல.

மெக்கானிக்: சாமான் வேணும்னா வேற ஆளை அனுப்பிடுவேன்.

மனைவி: இன்னிக்கு மட்டும் எப்படி வாய் வந்துச்சு?

மெக்கானிக்: தெரியல. அந்த மேடம் ஃபைலை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க, ஏதோ பச்சைக் குழந்தை மாதிரி. கூச்சமாப் போச்சு. அழுக்குக் குழந்தை மேடம், கீழ வெச்சுடுங்கன்னு சொல்லணும் போல இருந்துச்சு. சொல்ல ஆரம்பிச்சேன்... நிறுத்த முடியல.

மனைவி: என்ன சொன்னாங்க?

மெக்கானிக்: மேடம் பேனாவை மூடிட்டாங்க. மேனேஜர் ஜன்னலைப் பார்த்தாரு. அந்தப் பேசாத மனுஷன் அப்பத்தான் வாயைத் திறந்தாரு. ‘எழுதிக் கொடுக்கறீங்களா?’ன்னாரு. கம்பெனி வக்கீலாம்.

மனைவி: எழுதிக் கொடுத்துட்டீங்களா?

மெக்கானிக்: ரெண்டு பக்கம். நடுவுல ‘அலட்சியம்’னு எழுதணும். எந்த எழுத்துக்குப் புள்ளி வைக்கணும்னு சந்தேகம் வந்துடுச்சு. மேடத்தைக் கேட்டேன், சொல்லிக் கொடுத்தாங்க. வருஷக்கணக்கா செஞ்சிருக்கேன், எழுதத் தெரியல பாரு.

மனைவி: வேலை?

மெக்கானிக்: சூப்பர்வைசர் வேலை அந்தப் பேப்பரோட போச்சு. இருக்கிற வேலைக்கும் விசாரணை முடியற வரைக்கும் வர வேண்டாம்னுட்டாங்க. அடையாள அட்டையைக் கழட்டி வாங்கிக்கிட்டாங்க. இப்போ திட்டு.

மனைவி: திட்டறேன், இருங்க. முதல்ல எங்கெல்லாம் நடந்தீங்கன்னு சொல்லுங்க.

மெக்கானிக்: அந்தக் கட்டிடத்துக்குப் போனேன். லிஃப்ட் சும்மாத்தான் நின்னுச்சு. ஏற மனசு வரல. படியில ஏறினேன், புது ஷூவோட. மூணாவது மாடியில எனக்கே உக்காரணும் போல ஆயிடுச்சு.

மனைவி: அந்த அம்மாகிட்டச் சொன்னீங்களா?

மெக்கானிக்: சொன்னேன். கடையில ஏதோ ஒரு கண்ணாடியைத் துடைச்சிட்டு இருந்தாங்க. சொல்லி முடிச்சும் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், ‘மூணு வருஷமா நான் என் உடம்பையே திட்டிட்டு இருந்தேனே தம்பி’ன்னாங்க.

மனைவி: அடக் கடவுளே.

மெக்கானிக்: அப்புறம் அவங்களே, ‘இனிமே உங்களைத் திட்டிக்கறேன், பரவாயில்லையா?’ன்னாங்க. தாராளமாத் திட்டுங்கம்மான்னேன். உக்காருன்னுகூடச் சொல்லல. சரிதான், நான் என்ன விருந்தாளியா?

மனைவி: பயமா இருக்கா உங்களுக்கு?

மெக்கானிக்: வேலையை நினைச்சா பயமா இருக்கு. உன்னை நினைச்சா இன்னும் பயமா இருந்துச்சு, அதான் தெருத் தெருவாச் சுத்தினேன். ஆனா ஒரு மாதிரி... சாப்பிடலாம் போல இருக்கு.

மனைவி: சாப்பாடு போடறேன். நான் ஸ்கூல் ஆபீஸ்ல வேலை பார்க்கறேன், ரெண்டு மூணு மாசம் ஓடாதா என்ன? அதை விடுங்க. ஸ்பேனர் அண்ணனைப் பார்த்தீங்களா?

மெக்கானிக்: கையெழுத்துப் போட்டுட்டுக் கீழ இறங்கினேன். இருபது படியும். ஸ்டோர்ஸ் கதவு திறந்திருந்துச்சு. முதுகைக் காட்டிக்கிட்டு ஏதோ அடுக்கிட்டு இருந்தான். பின்மண்டை நரைச்சுப் போச்சுடி அவனுக்கு.

மனைவி: கூப்பிடலையா?

மெக்கானிக்: வாய் வரல. வந்துட்டேன். மூணு அதிகாரிக்கு முன்னாடி வந்த வாய், அந்த அம்மாகிட்ட வந்த வாய், அவன்கிட்ட வரல. என் ஒரு வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டவன்டி அவன்.

மனைவி: நம்பித்தான் போட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

மெக்கானிக்: என்ன சொல்றே?

மனைவி: மூணு மணிக்கு அண்ணன் எனக்கு போன் பண்ணினாரு. நீங்க கிளம்பின கையோட அந்த வக்கீல் ஸ்டோர்ஸுக்கு இறங்கிப் போய் உங்க பேப்பரைக் காட்டியிருக்காரு.

மெக்கானிக்: அப்போ உனக்கு... நான் வாசப்படி ஏறும்போதே எல்லாம் தெரியுமா?

மனைவி: தெரியும். உங்க வாயால வரட்டும்னுதான் டையை அவுத்துட்டு உக்கார வெச்சேன். வராமப் போயிருந்தா அப்ப இருந்திருக்கும் திட்டு.

மெக்கானிக்: அவன் என்ன சொன்னான்? ரொம்பக் கோபமா?

மனைவி: அழுதாரு. அவரும் ஒரு பேப்பர் எழுதி வக்கீல்கிட்டக் கொடுத்துட்டாராம். அன்னிக்குப் படியேறி வரும்போதே பார்த்துட்டாராம், மேல நாலு மாடியிலயும் கதவைத் திறந்து பார்த்த அடையாளமே இல்லன்னு.

மெக்கானிக்: தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டான்? ஏன்?

மனைவி: அன்னிக்கு நாலு மணிக்கு அவருக்கு வேற கம்பெனியில இன்டர்வியூவாம், பெரிய பதவிக்கு. ரகசியமாப் போகணும், ஆறு மாடி மறுபடி பார்க்க நேரம் இல்ல. நீங்க ‘பார்த்தாச்சு’ன்னு சொன்னதும், ‘அப்பாடா’ன்னு இருந்துச்சாம்.