மெல்ல மணி, வேக மணி

– தூண்டில் மேல சுத்தியிருக்கிற பிளாஸ்டிக்கக்கூட இன்னும் பிரிக்கலியே, கர்டிஸ் சார். மீனு வந்து பிரிச்சுக்கும்னு விட்டுட்டீங்களா?

– புதுசு தங்கச்சி. ஆத்தங்கரைக்குப் போயி பிரிக்கலாம்னு இருந்தேன்.

– தங்கச்சி இல்ல, ஏஜென்ட் டில்மன். வெளிய எஃப்பிஐன்னு இம்மாம் பெருசா எழுதியிருக்கு, பாக்கலியா? சரி, மீன் பிடிக்கத்தான் அலபாமாவுலேருந்து பாலம் தாண்டி ஜார்ஜியா வந்தீங்க. இந்த மெஷினப் பாத்துச் சொல்லுங்க, பதிவாகுது.

– சத்தியமா அதுக்குத்தான்.

– உங்க கார் முன்சீட்டுல ஒரு கரடி பொம்மை உக்காந்திருக்கு, சீட் பெல்ட்டெல்லாம் போட்டுக்கிட்டு. அதுவும் மீன் பிடிக்குமா?

– அது எங்க அக்கா பேத்திக்கு வாங்குனது.

– எந்த அக்கா? கர்டிஸ் ஒத்தப் புள்ளைன்னு இப்பத்தான் உங்க பாஸ்டர் ஃபோன்ல சொன்னாரு.

– சர்ச்சுல அக்கா மாதிரி ஒருத்தங்க இருக்காங்க.

– ஆஹா. அக்கா மாதிரி, பேத்தி மாதிரி. மீனாவது மீனா, இல்ல அதுவும் மாதிரியா?

– இந்தக் கேலியெல்லாம் வேணாம் மேடம். மணி என்னாச்சு?

– ஆறு.

– அது உங்க வேக மணி. எங்க பக்கம் மெல்ல மணி, இப்ப அஞ்சுதான். ஏழுக்கு எங்க ஸ்கூல் பசங்க ஃபுட்பால் மேட்ச் இருக்கு. மைதானத்துக் கடிகாரத்த நாந்தான் ஓட்டணும்.

– ஆத்துக்கு அந்தாண்ட ஒரு மணி, இந்தாண்ட ஒரு மணியா?

– நீங்க அட்லாண்டா ஆளு, உங்களுக்கு எங்க தெரியப்போவுது. பாலத்தத் தாண்டினா ஒரு மணி நேரம் கூடிரும். எந்த மணின்னு சேத்துச் சொல்லித்தான் எங்க ஊர்ல யாரையும் வரச் சொல்லுவோம். பல்லு மொளைச்ச புள்ளைக்கே தெரியும்.

– புள்ளைன்னதும் ஞாபகம் வருது. இங்க லைப்ரரில ஒரு பொண்ணு, பன்னெண்டு வயசு. உள்ள நுழைஞ்சதுமே பேரச் சொல்லிக் கூப்டீங்களாமே?

– அது பையில பேரு எழுதியிருந்துச்சு. ஒண்ணுக்குப் போகத்தான் நான் வண்டிய நிறுத்துனதே.

– அப்புறம் ஒண்ணுக்கும் போகாம, வா பாப்பா, கார்ல போலாம்னு கூப்டீங்க.

– தனியா உக்காந்திருந்துச்சு, வீட்ல விடலாம்னு அந்த நிமிஷம் தோணுச்சு. கேளுங்க, எனக்கும் சட்டம் தெரியும். தப்பான நெனப்போட ஒருத்தன் ஸ்டேட் எல்லையத் தாண்டியிருந்தாத்தான் அது உங்க கேஸு. தாண்டினப்புறம் தோணுனதுக்கெல்லாம் நீங்க என்னைய ஒண்ணும் பண்ண முடியாது. வீட்ட விட்டுக் கெளம்பறப்ப என் மண்டைல மீனு மட்டுந்தான்.

– உங்க மண்டைய தெறந்து பாக்க எங்ககிட்ட சாவி இல்லியே. செல்லுல அனுப்புற மெசேஜு படிச்ச ஒடனே அழிஞ்சிருது. பொண்ணோ பயத்துல வாயே தெறக்கல. மாடில எங்க வக்கீலும் இதயேதான் பொலம்பறாரு. கெளம்பறப்பவே கெட்ட எண்ணம் இருந்துச்சுன்னு காட்ட முடியலன்னா நம்ம கேஸு நிக்காது, அனுப்பிச்சு விடுங்கறாரு.

– அப்ப அனுப்புங்க. பசங்க காத்துக்கிட்டிருப்பாங்க.

– அனுப்பத்தான் போறேன். நானே மேல சொல்லிட்டு வந்தேன், அந்த ஆளு கர்டிஸ் சாரா இருக்கவே முடியாதுன்னு.

– எந்த ஆளு?

– அவ யாருக்கோ காத்திருந்தாளே, அந்தத் தறுதலை. 'மூணு, லைப்ரரி'ன்னு உள்ளங்கைல பேனாவால எழுதி வெச்சிருந்தா. நாலு வரைக்கும் ஒரு பயலும் வரல. உங்க ஊர்ல விசாரிச்சேன், கர்டிஸ் ஒரு நொடி தப்ப மாட்டாருன்னாங்க.

– இருவது வருசமா அந்தக் கடிகாரத்த ஓட்டறேன், ஒரு தடவ தப்புனதில்ல.

– அதான் சொல்றேன். இவன் எவனோ சோம்பேறி. நேரத்துக்கு வரத் துப்பில்ல. இவன் கைல கடிகாரத்தக் குடுத்தா மேட்ச் மறுநாள்தான் முடியும்.

– நாலு இல்ல அது. மூணு.

– லைப்ரரி கடிகாரம் நாலுன்னு காட்டுச்சே சார்.

– அது வேக மணிம்மா! மெல்ல மணிக்கு மூணுதானே. அவன் சரியாத்தான் வந்தான்.

– என்னமோ போங்க. லேட்டுன்னா லேட்டுதான். ஒரு வார்த்த தெளிவாச் சொல்லாம, சின்னப் புள்ளைய ஒரு மணி நேரம் காய விட்டு…

– சொல்லாமலா? காலைல காப்பிகூடப் போடல, எங்க வீட்டு அடுப்படில நின்னுக்கிட்டு ரெண்டு தடவ அடிச்சு அனுப்பிச்சேன், மூணு, மெல்ல மணி, மறந்துராதேன்னு! அவ பாதிய மட்டும் கைல எழுதிக்கிட்டா நானா பொறுப்பு? என்னையப் போயி லேட்டுங்கறீங்க!

– யாரு அனுப்பிச்சது, நீங்களா?

– இல்ல… நான் சொல்ல வந்தது என்னன்னா…

– நீங்க லேட்டே இல்ல கர்டிஸ் சார், ஒத்துக்கறேன். அந்த ஒரு மணி நேரத்துலதான் லைப்ரரி அம்மா அவ கையப் பாத்து, என்னன்னு கேட்டு, அவ முழிச்ச முழியில போலீஸுக்கு ஃபோன் போட்டாங்க. அடுப்படி அலபாமாவுலதானே இருக்கு, பாலத்துக்கு அந்தாண்ட?

– எனக்கு வக்கீல் வேணும்.

– தாராளமா. எத்தன மணிக்கு வரச் சொல்லட்டும்? வேக மணியா, மெல்ல மணியா?