கஞ்சாக்காரனாக நடித்த மாப்பிள்ளை

என் கையெழுத்து கிறுக்கலாக இருக்கும். அஞ்சாவது வரைதான் படித்தேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் உப்பள வேலைக்காரப் பெண்கள் இருவர் பேசியது இது.

“எம் பையன் கஞ்சா அடிச்சதை ஊரே கைதட்டிப் பார்த்துச்சு.”

“அடிப்பாவி.”

“நாடகத்துலடி. பசங்க கஞ்சா பக்கம் போகக்கூடாதுன்னு ஊர் ஊரா போடுறாங்களே, அது. பெருமுக்கல்ல பொண்ணு வீட்டுக்காரங்க பார்த்துட்டு, கல்யாணம் வேணாங்கிறாங்க.”

“நடிப்புன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். இவ்ளோ நல்லா நடிக்கிறவன், நாளைக்கு நிஜமா அடிச்சிட்டு வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி நடிச்சா என்ன பண்றதுன்னு பொண்ணு கேக்குது.”

“அடுத்த தடவை மோசமா நடிக்க சொல்லு.”

“மாட்டேங்கிறான். அப்புறம் எந்தப் பையன் பயப்படுவான்னு கேக்குறான்.”

மற்றவள் யோசித்தாள்.

“நாடகத்துல அவனைத் துடப்பத்தால அடிக்கிற பொண்டாட்டி யாரு?”

“எங்க அக்கா பையன், மீசையை எடுத்துட்டு.”

“அந்த வேஷத்தைப் பொண்ணுக்குக் குடு.”

“அதுக்கு நடிக்க வராதே.”

“நடிக்க எதுக்கு? நிஜமாவே நாலு சாத்து சாத்தட்டும். அதுக்கும் தைரியம் வந்துடும், இவனுக்கும் புத்தி இருக்கும்.”

பையனின் அம்மா உடனே போனை எடுத்தாள்.

“சம்பந்தி, ஞாயித்துக்கிழமை பொண்ணு சும்மாதானே இருக்கும்?”

கேட்டது ஆடியில். எழுதியது ஆவணி பத்தாம் தேதி.