கேத்தல் யார் கையில்

கிளெண்டா: ...அதனாலதான் கேக்குறேன். சனிக்கிழமை டான்காஸ்டர் சந்தையில, அந்தப் பன் கடை வாசல்ல, உன் தோள்ல கை போட்டுக்கிட்டு நின்னது யாருடி?

லொரெய்ன்: என் தோள்லயா?

கிளெண்டா: வெண்ணெய் தடவுறதை நிறுத்தாதே. கை அது பாட்டுக்குத் தடவட்டும், வாய் பதில் சொல்லட்டும். மூணு மணிக்கு எண்பது பேர் வந்து உக்காந்துடுவாங்க.

லொரெய்ன்: உன்கிட்ட யாரு வந்து சொன்னா?

கிளெண்டா: எவளும் சொல்லலை. பஸ்ஸுல இருந்து நானே பார்த்தேன்.

லொரெய்ன்: ஓடுற பஸ்ஸுல இருந்து?

கிளெண்டா: சிக்னல்ல நின்னுச்சு. நிக்கலேன்னா மணியடிச்சு இறங்கியிருப்பேன்.

லொரெய்ன்: பார்த்துட்டேல்ல? அப்புறம் எதுக்குக் கேள்வி?

கிளெண்டா: உன் வாயால கேக்கணும். இல்லேன்னா எனக்குச் சோறு இறங்காது.

லொரெய்ன்: கிளைவ்.

கிளெண்டா: யாரு?

லொரெய்ன்: கிளைவ் ஹெப்வொர்த். ஆலன் தெரு, பதினொண்ணாம் நம்பர்.

கிளெண்டா: மெதுவாடி! இந்தச் சங்கக் கூடத்துல அந்தப் பேரைச் சொல்லி முப்பது வருஷமாச்சு. மேல கட்டியிருக்கற சங்கக் கொடி அறுந்து தலையில விழும்.

லொரெய்ன்: கிளைவ், கிளைவ், கிளைவ். விழலை பாரு.

கிளெண்டா: உனக்கு வெக்கமே இல்லையா? அதுவும் இன்னிக்கு! ஸ்ட்ரைக் முடிஞ்சு முப்பதாவது வருஷம். ஒரு வருஷம் முழுக்க இந்த ஊர்ச் சுரங்கத்துக்காரன் ஒருத்தன்கூட வேலைக்குப் போகலை. பட்டினி கிடந்தோம். இதே அடுப்புல முட்டைக்கோஸ் சூப்பு வெச்சு இருநூறு பேருக்கு ஊத்தினேன். கடைசி வாரம்... கடைசி வாரத்துல, அந்த ஆளு மூஞ்சிய மூடிக்கிட்டு, கம்பி வலை போட்ட பஸ்ஸுல ஏறி வேலைக்குப் போனான். கருங்காலி.

லொரெய்ன்: ஒரு நாள்.

கிளெண்டா: ஒரு நாள் போனா என்ன, ஒரு மணி நேரம் போனா என்ன? கருங்காலிக்கு முழுக் கருங்காலி, அரைக் கருங்காலின்னு உண்டா?

ட்ரெவர்: அம்மணிகளா, மன்னிக்கணும்... ஒரு போட்டோவைக் காணோம்.

கிளெண்டா: ட்ரெவர், நீ சங்கத்துச் செயலாளரா, காணாமப் போனதைத் தேடுற ஆளா? காலையில மூக்குக் கண்ணாடியைக் காணோம்னே.

ட்ரெவர்: அது கிடைச்சுடுச்சு, நெத்தி மேல இருந்துச்சு. இது ஸ்ட்ரைக் போட்டோ. நாப்பது போட்டோவுக்கும் நம்பர் போட்டுப் பலகையில குத்தினேன். பதினாலாம் நம்பர்ல ஊசி மட்டும் நிக்குது.

கிளெண்டா: நீ முப்பத்தொம்பதுதான் குத்தியிருப்பே. போ, போய் நாற்காலியைப் போடு.

ட்ரெவர்: ஊசி இருக்கே...

கிளெண்டா: போப்பா!

லொரெய்ன்: பாவம், ஏன் அவரை விரட்டுறே?

கிளெண்டா: பேச்சை மாத்தாதே. எப்படி ஆரம்பிச்சுது? எங்கே? எத்தனை நாளா?

லொரெய்ன்: இப்பத்தானே வெக்கமில்லையான்னே. கதை மட்டும் வேணுமா?

கிளெண்டா: திட்டணும்னா முழுசாத் தெரிஞ்சுக்கிட்டுத் திட்டணும். சொல்லு.

லொரெய்ன்: கடையிலதான். இருபத்திரண்டு வருஷமா அந்த மீன் வறுவல் கடையில நிக்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருவார். அவரோட யாரும் பேசக் கூடாதே... விரலைக் காட்டுவார். ஒரு விரல்னா மீனும் சிப்ஸும். கையை விரிச்சா கூடப் பட்டாணி மசியல்.

கிளெண்டா: ரெண்டு விரல்னா?

லொரெய்ன்: அதை மட்டும் அவர் காட்டினதே இல்லை. இந்த ஊர் மூஞ்சிக்கு நேரா ‘போங்கடா’ன்னு ரெண்டு விரலையும் நிமித்திக் காட்டியிருக்கணும்.

கிளெண்டா: ஏய்!

லொரெய்ன்: போன அக்டோபர்ல நல்ல மழை. கடையில வேற ஒரு ஈ காக்கா இல்லை. பொட்டலம் கட்டுறப்போ என்னை அறியாம, ‘வினிகர் போடவா?’ன்னு கேட்டுட்டேன்.

கிளெண்டா: கருங்காலிக்கிட்டயா!

லொரெய்ன்: வாய் தவறி வந்துடுச்சு. எல்லார்கிட்டயும் கேக்குறதுதானே. அவர் அப்படியே நின்னார். அப்புறம், ‘போடு, நிறையப் போடு’ன்னார். கிளெண்டா... முப்பது வருஷமா அவர் வினிகர் இல்லாமலேயே சாப்பிட்டிருக்கார். வினிகருக்கு விரல் கிடையாதே.

கிளெண்டா: ...வெள்ளரிக்காயை மெல்லிசா நறுக்கு. செருப்புத் தோல் மாதிரி இருக்கு.

லொரெய்ன்: அவர் சம்சாரம் ஜானிஸ் செத்தப்போ சவப்பெட்டி தூக்க இந்த ஊர்ல ஆள் கிடைக்கலை. பாதிரியார் ஒருத்தர்தான் அவர்கிட்டப் பேசினார். அதுவும் அவர் வேலை, சம்பளம் வாங்குறார்.

கிளெண்டா: நாம விதிச்ச விதியா அது? எல்லாச் சுரங்கத்து ஊர்லயும் உள்ளதுதான். கருங்காலியோட பேச்சு இல்லை, அவ்வளவுதான். நான் பூ அனுப்பலாம்னுதான் இருந்தேன்.

லொரெய்ன்: அனுப்பலை.

கிளெண்டா: ...அனுப்பலை. உன் பாரி இருந்திருந்தா இதைப் பொறுப்பானா? மறியல்ல முதல் வரிசையில நின்னவன்.

லொரெய்ன்: பாரி எங்கே போயிட்டான்? லீட்ஸ்ல முடி வெட்டுறவளோட குடித்தனம் நடத்துறான். ரெண்டு பிள்ளைகளோட என்னை விட்டுட்டு ஓடினானே, அவனோட பேச்சை நிறுத்தினீங்களா? கிறிஸ்துமஸுக்கு வந்தா முதுகுல தட்டி பீர் வாங்கிக் குடுக்குறீங்க.

கிளெண்டா: அது வேற, இது வேற.

லொரெய்ன்: ஆமா, வேறதான். சரி, கேட்டுக்கோ. இன்னிக்கு மூணு மணிக்கு அவர் இங்க வர்றார். நான்தான் வரச் சொன்னேன்.

கிளெண்டா: என்னது?

லொரெய்ன்: அந்த ஜன்னல் பக்கத்து மேசை. ரெண்டு நாற்காலி.

கிளெண்டா: பைத்தியமாடி உனக்கு? என் பொண்ணு டெனிஸ் பேரப்பிள்ளைகளோட வர்றா. மறியல்ல மண்டை உடைஞ்சவங்க வர்றாங்க. அத்தனை பேரும் எழுந்து முதுகைக் காட்டுவாங்க.

லொரெய்ன்: காட்டட்டும். முதுகைப் பார்த்துக்கிட்டே சாண்ட்விச் சாப்பிடுறோம். அவருக்குப் பழக்கம்தான், எனக்குத்தான் புதுசு.

கிளெண்டா: டீ யாரு ஊத்துவா? அதைச் சொல்லு. எண்பத்து நாலுல இருந்து இந்தப் பெரிய கேத்தல் என் கையிலதான் இருக்கு. நான் ஊத்தாத கப்புல எவளும் ஊத்த மாட்டா.

லொரெய்ன்: தெரியும். அதனாலதான் உன் பக்கத்துல நின்னு அம்பது ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டு இருக்கேன். நீ ஊத்தினா ஊரே ஊத்தின மாதிரி.

கிளெண்டா: முடியாது.

லொரெய்ன்: அவர் அந்த பஸ்ஸுல ஏறவே இல்லை, கிளெண்டா.

கிளெண்டா: ஏறினதை நான் பார்த்தேன். என் வீட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால நின்னு பார்த்தேன்.

லொரெய்ன்: மூஞ்சியையா?

கிளெண்டா: மூஞ்சிதான் மூடியிருந்துச்சே. கோட்டு. கறுப்புக் கோட்டு, முழங்கையில சிவப்பு ஒட்டு. ஜானிஸ் பழைய திரைச்சீலையைக் கிழிச்சுத் தச்சது. ஊருக்கே தெரியும்.

லொரெய்ன்: ஆக, நீ பார்த்தது கோட்டு.

கிளெண்டா: நான் சொன்னதும் அதைத்தானே! ‘கிளைவோட’... அந்த ஆளோட கோட்டைப் பார்த்தேன்னு சொன்னேன். அதுக்கு மேல ஒரு எழுத்துக் கூட நான் சேர்க்கலை. மத்ததை ஊரே சேர்த்துக்கிச்சு.

லொரெய்ன்: முப்பது வருஷமா மனசுக்குள்ள அப்படியே ஒப்பிச்சுக்கிட்டு இருக்கியா? தடங்கல் இல்லாம வருதே.

கிளெண்டா: நாக்கு நீளம்டி உனக்கு.

லொரெய்ன்: அந்தக் கோட்டை அவர் பிப்ரவரி முதல் வாரமே குடுத்துட்டார். இதே கூடத்துல, துணி பங்கு போட்டோமே, அந்தக் குவியல்ல. ‘என்னைவிடக் குளிர்ல நிக்கிறவன் எடுத்துக்கட்டும்’னு போட்டுட்டு வெறும் ஸ்வெட்டரோட மறியலுக்குப் போனார்.

கிளெண்டா: அது அந்த ஆளு சொல்றது. அப்படின்னா அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே? வாய்ல என்ன, கொழுக்கட்டையா?

லொரெய்ன்: சொல்ல வந்தார். வாயைத் திறந்ததும் எல்லாரும் திரும்பிக்கிட்டாங்க. முதுகுக்குக் காது ஏது? கருங்காலி பேசினா கேக்கக் கூடாது, கேக்கலேன்னா அவர் கருங்காலி இல்லேன்னு எப்படித் தெரியும்? மூணு நாள் முயற்சி பண்ணியிருக்கார். அப்புறம் வீம்பு வந்துடுச்சு. ‘பதினஞ்சு வருஷம் பூமிக்கடியில என் பக்கத்துல குனிஞ்சு வேலை செஞ்சவங்க ஒரு ஒட்டுத் துணியை நம்புறாங்கன்னா, நான் ஏன் கெஞ்சணும்?’ன்னார். ஊரை விட்டும் போகலை. போனா ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். அந்தத் துணிக் குவியலை யாரு பங்கு போட்டா?

கிளெண்டா: நாலஞ்சு பேர் இருந்தோம்.

லொரெய்ன்: மேசைக்குப் பின்னால நின்னது யாரு?

கிளெண்டா: ஞாபகம் இல்லை.

லொரெய்ன்: உனக்கா? எவ வீட்டுக் கொடியில எந்தக் கலர் உள்பாவாடை காஞ்சுதுன்னு எண்பத்து மூணுல இருந்து வரிசையாச் சொல்லுவே!

ட்ரெவர்: அம்மணிகளா, மறுபடியும் மன்னிக்கணும். பட்டியல் கிடைச்சுது. பதினாலாம் நம்பர்... ‘சங்கக் கூடத்தில் துணி பங்கீடு, பிப்ரவரி. கிளெண்டா, அவர் கணவர் ரான்.’ உங்க வீட்டுக்காரர் இருக்கற ஒரே போட்டோ, கிளெண்டா. செத்து எட்டு வருஷமாச்சு, டெனிஸ் வந்து அப்பா எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்வேன்?

கிளெண்டா: காத்துல பறந்திருக்கும்னு சொல்லு.

ட்ரெவர்: ஜன்னலெல்லாம் சாத்தித்தானே...

கிளெண்டா: ட்ரெவர், இந்தத் தட்டைக் கொண்டு போ. முட்டை இந்தப் பக்கம், பன்றித் தொடை அந்தப் பக்கம். கலந்தா கொன்னுடுவேன்.

லொரெய்ன்: ...போயிட்டார்.

கிளெண்டா: ம்.

லொரெய்ன்: உன் ரானை நான் நல்லாக் கவனிச்சிருக்கேன். மத்தவங்க கிளைவைப் பார்த்தா முதுகைத் திருப்புவாங்க. ரான் மட்டும் வேற தெருவுல நுழைஞ்சுடுவான்.

கிளெண்டா: அவ்வளவு வெறுப்பு அவனுக்கு.

லொரெய்ன்: வெறுப்பா?

கிளெண்டா: கத்தியைக் கீழே வெச்சுட்டுப் பேசுடி.

லொரெய்ன்: போட்டோ உன் ஏப்ரன் பாக்கெட்ல இருக்கு. காலையில ட்ரெவர் கண்ணாடியைத் தேடினப்போ நீ பலகையில இருந்து எடுத்தே. எடுக்குறதுக்கு முன்னாடி நானும் பார்த்துட்டேன். ரான் கையைத் தூக்கிச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். முழங்கையில ஒட்டு.

கிளெண்டா: கறுப்பு வெள்ளைப் போட்டோ. சிவப்பா பச்சையான்னு யாருக்குத் தெரியும்?

லொரெய்ன்: உனக்குத் தெரியும்.

கிளெண்டா: ...குடுன்னு கேக்கப் போறியா? எல்லார் முன்னாலயும் நீட்டப் போறியா? சொல்லிடு.

லொரெய்ன்: இல்லை. நீயே வெச்சுக்கோ.

கிளெண்டா: என்ன?

லொரெய்ன்: சீட்டுக் காட்டி உள்ள வர அவரென்ன சினிமாவுக்கா வர்றார்? இன்னொருத்தனைக் காட்டிக்குடுத்துட்டு வர்றதாயிருந்தா எனக்கு அந்த வருகையே வேண்டாம். அவர் அவராவே வரட்டும். பிடிச்சவங்க பேசட்டும், பிடிக்காதவங்க சுவத்தைப் பார்க்கட்டும். என் புருஷன் என் பக்கத்துல உக்காருறதுக்கு எவன் கையெழுத்தும் தேவையில்லை.

கிளெண்டா: இரு. இரு, இரு. என்ன சொன்னே? புருஷனா?

லொரெய்ன்: வியாழக்கிழமை. டான்காஸ்டர் பதிவு ஆபீஸ்ல, காலையில பத்தரைக்கு.

கிளெண்டா: கல்யாணமா!

லொரெய்ன்: சனிக்கிழமை சிக்னல்ல நீ பார்த்தியே, அதான் தேனிலவு.

கிளெண்டா: சாட்சிக் கையெழுத்து யாரு போட்டா?

லொரெய்ன்: பன் கடைக்காரி.

கிளெண்டா: பன் கடைக்காரிக்கு... எனக்கு முன்னாடியே... அடிப்பாவி! நாலு நாளாவா இந்த ஊர்ல எனக்குத் தெரியாம ஒரு சேதி இருந்துச்சு?

லொரெய்ன்: முப்பது வருஷமா உனக்கு மட்டுமே தெரிஞ்ச சேதி ஒண்ணு இருந்துச்சே. ரெண்டுக்கும் சரியாப் போச்சு.

ட்ரெவர்: லொரெய்ன்! கிளெண்டா! அவன்... அவர் வந்துட்டார். வாசல்ல நிக்கிறார். சூட்டு போட்டிருக்கார், கையில தொப்பி. எல்லாரும் எழுந்துட்டாங்க. மொத்தக் கூடமும் சுவத்தைப் பார்த்துத் திரும்பி நிக்குது. நான் என்ன பண்ண? செயலாளர் எந்தப் பக்கம் திரும்பணும்னு சட்டத்துல எழுதலையே!

லொரெய்ன்: நீங்க தட்டைப் பிடிங்க. ரெண்டு கப்பை எடுத்துக்கிட்டு நான் போறேன்.

கிளெண்டா: கேத்தலைத் தொடாதே.

லொரெய்ன்: தொடலை. வெறும் கப்புதான். ரெண்டு பேரும் வெறும் கப்பை வெச்சுக்கிட்டு அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருப்போம். எழுந்து போக மாட்டோம், பாரு.

கிளெண்டா: நில்லுடி. கேத்தல் கனம், நீ தூக்கினா கொட்டிடுவே. ட்ரெவர், இந்தா உன் பதினாலாம் நம்பர். பலகையில நடுவுல குத்து.

ட்ரெவர்: அட, கிடைச்சுதா! உங்க பாக்கெட்லயா...? ரான்தான். என்ன சிரிப்பு பாருங்க. ஆனா இந்தக் கோட்டு... முழங்கையில... கிளெண்டா, இது கிளைவோட கோட்டு இல்லே? ரான் எப்படி...?

லொரெய்ன்: கிளெண்டா, நீ சொல்லணும்னு நான் கேக்கலை. டெனிஸ் வெளியில இருக்கா.

கிளெண்டா: இருக்கட்டும், அவளும் கேக்கட்டும். அவளுக்கு அப்போ நாலு வயசு, நெஞ்சு பூராச் சளி, கரி வெட்டுற ஊர்ல என் வீட்டுல ஒரு துண்டுக் கரி இல்லை. ரான் மாட்டவே மாட்டேன்னு அழுதான். காலையில நாலரைக்கு அந்தக் கோட்டைப் போட்டு, பொத்தான் மாட்டி, பஸ்ஸுக்குத் தள்ளிவிட்டதே நான்தான்... என்ன முழிக்கிறே, ட்ரெவர்? முதுகைக் காட்டணும்னா எனக்குக் காட்டு. இல்லேன்னா வழியை விடு, கிளைவுக்கு டீ ஆறுது.